கர்ப்பகால அக்குபங்சர்: ஊசியா, மாத்திரையா, உடற்பயிற்சியா?

கர்ப்பிணிகள் அக்குபங்சர் (உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் சீன மருத்துவ முறை) செய்துகொள்ளலாமா என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. என்ன தொந்தரவுக்கு, எதற்குப் பதிலாக என்று பார்க்க வேண்டும்.

முதலில் மசக்கை. மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் இருக்கும் பி6 புள்ளிதான் இதற்குப் பிரபலம். ஊசியும் போடலாம், கட்டைவிரலால் அழுத்தலாம், பொத்தான் வைத்த பட்டையும் மாட்டலாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 593 பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களுக்குக் குமட்டலும் ஓங்கரிப்பும் குறைந்தன. ஆனால் வாந்தி குறையவில்லை. போலி ஊசி (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிகிச்சைபோலப் பாவனை செய்வது) போட்டவர்களுக்கும் மூன்றாம் வாரத்திலிருந்து குமட்டல் தணிந்தது. எனவே லேசான குமட்டலுக்குப் பட்டையும் இஞ்சியும் போதும்; ஊசிக்காக வாராவாரம் அலைவது வீண் என்பேன். வாந்தியே பிரச்சினை என்றால், டாக்சிலமைனும் வைட்டமின் பி6-ம் சேர்ந்த மாத்திரையை மருத்துவரிடம் கேட்பது மேல் (பெயர்தான் ஒன்று, இந்த பி6 வேறு, அந்தப் புள்ளி வேறு). தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் அடர்நிறமாகப் போகிறது என்றால் எந்தப் புள்ளியையும் தேடாமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஊசி உண்மையிலேயே போட்டிபோடும் இடம் இடுப்புவலி. படுக்கையில் புரண்டு படுத்தாலே சுருக்கென்று பிடிக்கும் வலி இது. வலி மாத்திரைக்கும் இங்கே வாய்ப்புக் குறைவு: ஐபுப்ரோஃபென் வகை மருந்துகளை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கச் சொல்கிறார்கள், மிஞ்சுவது பாராசிட்டமால். ஸ்வீடனில் 386 கர்ப்பிணிகளை வைத்து 2005-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஊசியும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது; தசையை உறுதியாக்கும் பயிற்சி செய்தவர்களைவிடவும் கூடுதல் பலன். 2008-ல் வெளியான ஆய்வில் அதே குழு போலி ஊசியோடு ஒப்பிட்டபோது வலியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊசி குத்தியதாலா, படுக்கவைத்துக் கவனித்ததாலா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வலியில் தவிப்பவருக்கு அது இரண்டாம் பட்சம். நான் பயிற்சியை விடமாட்டேன், காசில்லாமல் வீட்டிலேயே செய்யலாமே. அது போதாதபோது ஊசியையும் சேர்த்துக்கொள்வேன்.

குழந்தை தலை திரும்பாமல் பிட்டம் கீழாக இருந்தால், சுண்டுவிரல் நகத்தோரம் மூலிகைக் குச்சியைப் பற்றவைத்துச் சூடு காட்டும் மாக்ஸா முறை உண்டு. கால் சுண்டுவிரல்தான், கை அல்ல. சீனாவில் 260 பேரிடம் நடந்து 1998-ல் வெளியான ஆய்வில் 75 சதவீதக் குழந்தைகள் திரும்பின. சூடு காட்டாதவர்களில் 48 சதவீதம். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் இவ்வளவு பலன் தெரியவில்லை. இதற்கு எதிரில், மருத்துவர் வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையைத் திருப்பும் முறை 36, 37 வாரவாக்கில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கிறது. அவசர அறுவைக்குப் போவது 200-ல் ஒருவர் அளவில்தான். ஸ்கேனும் இதயத்துடிப்புக் கண்காணிப்பும் பக்கத்திலேயே இருப்பதால் என் ஓட்டு இதற்கே. 33, 34 வாரத்தில் மாக்ஸா முயன்றுவிட்டு, திரும்பாவிட்டால் இதற்கு வருவதிலும் தப்பில்லை.

பிரசவ வலியைத் தூண்ட அக்குபங்சர் ஊசி என்பதை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் ஊசி புதிதாக, ஒருமுறை மட்டும் பயன்படுவதாக இருக்க வேண்டும். எத்தனையாவது வாரம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள புள்ளியையும், உள்கணுக்காலுக்கு மேலே உள்ளதையும் கர்ப்பத்தில் தொடக்கூடாது என்பது அந்த மரபின் பழைய விதி. வயிறு பெருத்த பிறகு மல்லாக்கப் படுக்கவைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைக்கிறார்களா என்றும் பாருங்கள்.