35 நாள் லீவும் அப்பாவின் அம்பாசடரும்

"எஞ்சினை ஏத்துறது ஒருநாள் சோலியாக்கும், தம்பி. மிச்ச சோலிக்குதான் நீங்க லீவு எடுத்திருக்கணும், கேட்டியளா?"

மார்த்தாண்டத்துக்குப் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் தார்பாய்க்குக் கீழே நின்று மெக்கானிக் ஆசான் இதைச் சொன்னது என் லீவின் நான்காவது நாள். ஜூன் மழை சாய்த்துப் பெய்துகொண்டிருந்தது. 31-வது நாளும் அதே தார்பாய்க்குக் கீழேதான் நின்றேன். அப்பாவின் பழைய அம்பாசடருக்கு வேறு எஞ்சின் போட மஸ்கட்டில் உட்கார்ந்து வாட்ஸப்பில் திட்டம் போட்ட என்னைப் போல வேறு யாராவது இருந்தால் உதவும் என்று எழுதுகிறேன். வளைகுடாவில் இருக்கிற நம்மூர்க்காரர்களில் பலருக்கு வீட்டுச் சாய்ப்பில் ஒரு பழைய வண்டி நிற்கத்தான் செய்கிறது.

எங்களுடையது 1976 மாடல் அம்பாசடர் மார்க் 3. அப்பா 1989-ல் செகண்ட் ஹாண்டாக வாங்கியது. திருவட்டாறு வீட்டில் ரப்பர் ஷீட் காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் நிற்கும். 1,489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன், ஸ்டியரிங்குக்குக் கீழே கை கியர். ஏழு பேர் ஏறிப் பேச்சிப்பாறை போனால் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகும். டிக்கியில் எப்போதும் ஒரு கேன் தண்ணீர் இருக்கும். ரேடியேட்டர் ஆவி விட்டதும் அப்பா வண்டியை ஓரம்கட்டி, "அவனும் ஒரு சாயா குடிக்கட்டும்" என்பார். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. வண்டியை மறுபடி ஓட்ட ஆசை, ஆனால் அந்த முனகல் இல்லாமல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்றை எதிர்த்து ஒருமுறையாவது மிதித்துப் பார்க்கணும்.

என்ன எஞ்சின் போடுவது என்பதில் ஊரே ஆலோசகர்தான். டீசல் போட்டால் மைலேஜ் என்றான் மச்சினன். ஏதாவது ஜப்பான் எஞ்சினை வெட்டி ஒட்டிவிடலாம் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். நான் இசுசு 1,817 சிசி பெட்ரோலில் உறுதியாக நின்றேன். 1990-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே இதே பாடிக்குள் அந்த எஞ்சினைப் போட்டு விற்றது. கூடவே ஐந்து கியர் பெட்டி, தரையிலிருந்து எழும் கியர் தண்டு. சக்தி 75 குதிரையை ஒட்டி. அதாவது எஞ்சின் உட்காரும் மவுண்டு, குறுக்குத் தாங்கி, பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்ட் எல்லாமே ஒரு கம்பெனி ஏற்கெனவே கணக்குப் போட்டுச் செய்தவை. அந்த எஞ்சின் போட்டு வந்த பழைய அம்பாசடர் 1800 ஒன்றைப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுத்தால் வெல்டிங் வித்தைக்கே இடமில்லை. கணக்கு சரிதான். என் வண்டியின் அடிவயிறுதான் அந்தக் கணக்கில் இல்லை.

முதலில் டிங்கரிங், அதாவது பாடியின் தகடு வேலை. இந்தப் பயணத்தில் நான் பார்த்த ஆகச் சிறந்த வேலைக்காரர் டிங்கர் அண்ணன்தான், அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன். பழைய எஞ்சினை இறக்குவதற்கு முன்பு ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கினார். பின் கதவைத் திறந்தார், மூடினார். மூடவில்லை. வண்டியை இறக்கினார், கதவு மூடியது. "பாத்தியளா? நடு ஒடிஞ்சு தொங்குது." அம்பாசடருக்கு ஜீப்பு போலத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே எலும்பு. கதவுக்கடியில் நீளமாக ஓடும் பெட்டித் தகடும் தரையும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. எங்கள் வண்டியில் கார்ப்பெட்டைக் கிளப்பினால் தார், தாருக்கடியில் ஏதோ டின் தகடு, அதற்கும் அடியில் காற்று. ஸ்குரூ டிரைவரால் குத்தினார், கைப்பிடி வரை போனது. கடல்காற்றையும் குற்றம் சொல்ல முடியாது, திருவட்டாறு உள்ளே இருக்கிறது. இரண்டு பருவ மழையும் பெய்கிற ஊரில் கதவு ரப்பர் இற்றுப்போன வண்டியை வருஷக்கணக்கில் நிறுத்தினால் இதுதான் கதி.

பழைய எஞ்சினுக்கே திணறுகிற தரையில் புது எஞ்சினின் முறுக்கு விழுந்தால் என்ன ஆகும் என்பதை அவர் கையால் ஒரு பனையோலையை முறுக்கிக் காட்டினார். 11 நாள் வேலை. பட்டி பூசி மறைக்காமல், வெட்டி எடுத்த துருத் தகடு ஒவ்வொன்றையும் ஒரு சாக்கில் போட்டு வைத்து, கணக்குக் கேட்பதற்கு முன்பே என்னிடம் காட்டினார். 48,000 ரூபாய் வாங்கினார். கூடுதல் என்று எனக்குத் தோன்றவில்லை.

எஞ்சின் கதை வேறு. கேரள எல்லைக்கு அப்பால் பழைய வண்டி பிரிக்கும் ஒரு இடத்தில் 62,000-க்கு எஞ்சினும் கியர்பாக்ஸும். "ஓடின வண்டியில இருந்து இறக்கினது" என்று சத்தியம் செய்தார்கள். ஓடியிருக்கலாம், எப்போது என்று நான் கேட்கவில்லை. ஆசான் ஹெட்டைக் கழற்றியதும் கேஸ்கட் கருகியிருந்தது, சிலிண்டர் மேல்விளிம்பில் நகம் தட்டுகிற அளவுக்குத் தேய்மான மேடு. கோட்டாற்றில் ஒரு லேத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த பெரியவர் உள்விட்டம் அளக்கும் போர் கேஜை விட்டு ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று அளந்து சிலேட்டில் எழுதினார். அளவு மாறுகிற இடத்தை என்னையே பார்க்கச் சொன்னார். சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கும் போரிங், கிராங்கைத் தேய்த்துச் சமமாக்கும் கிரைண்டிங், அகலத்துக்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன். வேலை மூன்று நாள்தான். கோயம்புத்தூரிலிருந்து பிஸ்டன் செட் வர ஒன்பது நாள். முதலில் வந்த பார்சலில் வேறு சைஸ். அந்த ஒன்பது நாளும் ரசவடையும் சாயாவுமாகக் கோட்டாற்றில் சுற்றியதில் எனக்கு இரண்டு கிலோ ஏறியது, வண்டிக்கு ஒன்றும் ஏறவில்லை.

இங்கேதான் நம்மூர்ச் சேவையின் குணம் பிடிபட்டது. ஆள் கெட்டி, கை சுத்தம், ஜிபேயில் பணம் போட்டால் ரசீதும் வரும். ஆனால் முழு வண்டிக்கும் பொறுப்பேற்க ஆளில்லை. டிங்கருக்கு எஞ்சின் வேண்டாம், லேத்துக்கு வண்டியே வேண்டாம், வயரிங் பையன் ஞாயிறு மட்டும்தான் வருவான், பெயிண்டர் மழை விட்டால் வருவார். ஒருவர் முடித்ததை அடுத்தவர் கையில் சேர்க்கிற வேலை சொந்தக்காரனுடையது. அதை ஊரில் இருக்கிறவன் ஆறு மாதம் நின்று செய்யலாம். 35 நாள் லீவுக்காரன் என்ன செய்ய? அடுத்த தடவை ஆசானுக்கே சம்பளம் பேசி அந்தப் பொறுப்பையும் கொடுத்துவிடுவேன். பணம் கூடுதலாகும், ஆகட்டும்.

எஞ்சின் ஏறியது 26-வது நாள். ஆசான் சொன்னபடியே ஒரே நாள் சோலி. காலையில் சங்கிலிக் கப்பி, மாலையில் முதல் சத்தம். கியர் தண்டுக்குத் தரையை வெட்டியபோது அம்மா வந்து பார்த்தாள். முன் சீட்டு ஒரே பெஞ்சு. கை கியர் இருந்தவரை முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காருவோம். அப்பா ஓட்ட, அம்மா ஓரத்தில், நடுவில் நான். இப்போது அந்த நடுவிடத்தில் கியர் தண்டு நிற்கிறது. "அப்போ உனக்க மோளு எங்க இருப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மா திரும்பிப் போனாள். மஸ்கட்டில் இருந்து போட்ட திட்டத்தில் எஞ்சின் நம்பர் வரை எழுதியிருந்தேன், இதை எழுதவில்லை.

காகிதம் சரியாகாத வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது என்று ஆசான் கறாராகச் சொன்னதால், குலசேகரம் பக்கம் மாமாவின் ரப்பர் தோட்டத்துக்கு லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் தோட்டத்துப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் தண்ணி போல ஏறியது. நான் கத்தியே விட்டேன். இறக்கத்தில் ஓடையைத் தாண்டி வந்ததும் பிரேக்கை மிதித்தால் பெடல் கல் மாதிரி நிற்கிறது, வண்டி நிற்கவில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் லைனிங் வழுக்கும், நான்கைந்து தடவை மிதித்து உலர்த்தினால்தான் பிடிக்கும். 50 குதிரை வேகத்தில் அதற்கு நேரம் இருக்கும். கூடுதல் வேகத்தில் வந்த எனக்கு மண் திட்டுதான் பிரேக். பம்பர் மடங்கியது, மனுஷனுக்கு ஒன்றுமில்லை. இத்தனைக்கும் பின்னாளைய அம்பாசடரிலேயே முன்சக்கர டிஸ்க் பிரேக்கும், மிதியின் பலத்தைக் கூட்டும் சர்வோவும் வந்தன. எஞ்சினை வாங்கும் அன்றே அந்த டிஸ்க் பிரேக்குக்கான ஹப் செட்டையும் தேடியிருக்க வேண்டும். இப்போது சொல்லி வைத்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

காகித விஷயம் கடைசி. ஒரு புரோக்கர் 3,000 வாங்கிக்கொண்டு "எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றவர், பிறகு போனை எடுக்கவில்லை. அப்பாவின் நண்பர், ஓய்வுபெற்ற வாகன ஆய்வாளர், ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் விஷயம் விளங்கியது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி எஞ்சினை மாற்றுவதற்கு முன்பே பதிவு அதிகாரியின் அனுமதி வாங்கணும். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு போய்த் தெரிவிக்கணும். கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அழுத்திச் சொல்லியிருக்கிறது. 'இதே கம்பெனி, இதே பாடியில் போட்ட எஞ்சின்தானே' என்ற என் வாதத்தை அவர் தலையசைத்துக் கேட்டார். "எழுதிக் குடு, பார்க்கட்டும். ஆனா முன்னாடியே குடுத்திருக்கணும்."

பாயாசம் வந்தபோது அடுத்ததைக் கேட்டார். "வண்டி எந்த வருஷம்? 76-ஆ? 2026-ல 50 ஆகுமே மக்கா!" 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டிய, அசல் நிலையில் உள்ள வண்டியை விண்டேஜாகப் பதியலாம். வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அந்த வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, பேரணி மாதிரிக் காரியங்களுக்குத்தான். ஆனால் எஞ்சினிலோ சேசிஸிலோ பாடியிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நான் இலையை மடித்துவிட்டேன். இரண்டாம் பாயாசத்துக்கு இருக்கவில்லை.

ஓட்டுவதா, வைத்துக்கொள்வதா என்று கேட்டால் இன்றைக்கும் ஓட்டத்தான் செய்வேன் என்பேன். கண்காட்சிக்கு மட்டும் போகிற அம்பாசடரை அப்பா கேலி செய்வார். ஆனாலும் தெரிந்து செய்வது வேறு, பந்தியில் தெரிந்துகொள்வது வேறு. அனுமதி மனுவை வாங்கின பில்லோடு முறைப்படி கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். வண்டி இப்போது செங்காவி பிரைமர் மட்டும் பூசிச் சாய்ப்பில் நிற்கிறது. மழை ஈரத்தில் பெயிண்ட் அடித்தால் வெளுத்துவிடும் என்று பெயிண்டர் கையை வைக்கவே இல்லை, அதில் அவர் சொன்னதுதான் சரி.

பழைய பி.எம்.சி. எஞ்சினை இரும்புக் கடைக்காரர் வந்து இரண்டு தடவை விலை கேட்டார். ஆசான் கொடுக்க விடவில்லை. பிளக் துளை வழியாக எண்ணெய் விட்டு, சாக்கைச் சுற்றி, மரக்கட்டை மேல் ஏற்றி வைத்தார். மாதம் ஒருமுறை கையால் கிராங்கைச் சுற்றிவிடணும், இல்லையென்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு அம்மா அதைச் செய்கிறாள். போன வாரம் போனில் பேச்சு முடியும்போது சொன்னாள்: "ஒண்ணாந்தேதி ஆச்சு. சுத்தி விட்டாச்சு."