ஆறடிக் கடப்பாரை: வேரும் கல்லும் எடுத்து முடித்த பிறகு எழுதுகிறேன்

வீட்டுக்குப் பின்னால் சரிவான தோட்டம். மழை பெய்யும்போதெல்லாம் மேல்மண் கரைந்து கீழே வந்து நின்றது. முக்கால் மீட்டர் உயரம், ஒன்பது மீட்டர் நீளத்தில் ஒரு தடுப்புச்சுவர் எழுப்பலாம் என்று நானும் தம்பியும் வானம், அதாவது சுவரின் அடித்தளத்துக்கான பள்ளம், தோண்ட இறங்கினோம். அரை மணி நேரத்தில் மண்வெட்டி ணங்கென்று கல்லில் பட்டது. நாலடி தள்ளித் தோண்டினால் மணிக்கட்டு தடிமனில் வேர். என்றோ வெட்டிப்போட்ட மரம், அடிக்கட்டை மட்டும் மண்ணுக்குள் இருந்திருக்கிறது.

முதலில் கையில் இருந்தது 1.2 மீட்டர் நீளமுள்ள மெல்லிய கடப்பாரை. இரண்டாவது கல்லிலேயே வளைந்தது. தட்டி நிமிர்த்தினேன், அடுத்த நெம்பலில் அதே இடத்தில் மறுபடி வளைந்தது. அதன்பிறகு வாங்கியதுதான் இது: 1.8 மீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் தடிமன், முழு எஃகு, ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முனை உளிவாய், மறுமுனை கூர்.

நீளம்தான் இதன் பலம். நுனியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி அண்டை (கடப்பாரை சாய்ந்து நெம்ப அடியில் வைக்கும் தாங்கல்) கொடுத்தால் கைப்பக்கம் 165 சென்டிமீட்டர் மிச்சம். பதினொரு மடங்கு. நான் 30 கிலோ அழுத்தினால் நுனியில் 330 கிலோ. எல்லாப் பக்கமும் 50 சென்டிமீட்டர் இருக்கும் ஒரு கருங்கல் ஏறக்குறைய 340 கிலோ இருக்கும். அதை முழுதாகத் தூக்க வேண்டியதில்லை, ஒரு ஓரம் எழும்பினால் போதும் என்பதால் பாதி பலமே போதுமானது. அண்டைக்குச் செங்கல் வைத்தேன், நொறுங்கிவிட்டது. வெட்டியெடுத்த அடிக்கட்டையின் துண்டே நன்றாகத் தாங்கியது.

கல்லை ஒரே மூச்சில் புரட்ட நினைக்க வேண்டாம். இரண்டு விரல் அளவு எழுப்பி, அடியில் சிறு கல் திணித்து, எதிர்ப்பக்கம் போய் மறுபடி நெம்ப வேண்டும். இப்படி மாற்றி மாற்றிச் செய்தால் கல் தானாகவே மேலே ஏறி வருகிறது. திணிப்பதற்குக் கை போகவே கூடாது. "அக்கா, அசையுது, இன்னும் கொஞ்சம்!" என்று தம்பி உற்சாகத்தில் அடியில் கைவிட்டபோது, "முதல்ல கையை எடுடா!" என்று கத்தினேன். அன்றிலிருந்து ஒரு குச்சியால்தான் தள்ளினோம். நெம்பும்போது கடப்பாரைக்கு நேர் மேலே குனியவும் கூடாது. நழுவினால் தாடைக்கு வரும். பக்கவாட்டில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் மின்கம்பியோ தண்ணீர்க்குழாயோ எரிவாயுக்குழாயோ போகிறதா என்று உறுதிசெய்யாமல் முதல் குத்துக்கூடப் போடாதீர்கள்.

வேர் விஷயத்தில் இது தனியாக நின்று வேலை செய்யாது. கட்டைவிரல் தடிமன்வரை உளிவாய் நறுக்கிவிடும். அதற்கு மேல் ரம்பமோ கோடாரியோ வேண்டும். ஆனால் ரம்பத்துக்கு முன்னால் கடப்பாரைக்கு ஒரு வேலை உண்டு. வேரின் இரண்டு பக்கமும் மண்ணை நீக்கி, அடியில் நுனியைக் கொடுத்து விறைப்பாகத் தூக்கிப் பிடித்தால், மேலிருந்து அறுக்கும்போது வெட்டு விரிந்துகொண்டே போகும், ரம்பம் மாட்டாது. மண் ஒட்டியிருக்கும் வேரில் ரம்பத்தை வைத்தால் பல் உடனே மழுங்கும். துடைத்துவிட்டு அறுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு எடுப்பது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. செத்த வேர் சுவருக்கடியில் கிடந்து மக்கும். மக்கிய இடம் பொந்தாகும், மேலே சுவர் இறங்கும். கல் கதை வேறு. இரு பக்கமும் மண் கொஞ்சம் அமுங்க, நடுவே துருத்தி நிற்கும் கல்மட்டும் அமுங்காது. சுவர் சரியாக அதன் தலைக்கு மேலே விரியும்.

உயிரோடு நிற்கும் மரத்தின் வேருக்கு இந்த நியாயம் பொருந்தாது. எங்கள் கோட்டின் கிழக்கு முனை ஒரு நல்ல மரத்துக்கு மிக அருகே போனது. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேலே 60 சென்டிமீட்டர் மண்ணிலேயே படர்ந்திருக்கும், நாம் தோண்டுவதும் அதே ஆழம்தான். அடிமரத்தின் குறுக்களவைப் போல பன்னிரண்டு மடங்கு தூரத்தை விட்டுவிடுவது பொதுவான கணக்கு: 30 சென்டிமீட்டர் மரத்துக்கு 3.6 மீட்டர். கயிற்றைப் பிடுங்கி, சுவரை வளைத்துக் குறி போட்டோம். இரண்டு நாள் வேலை வீணானது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. தடித்த வேரை இழந்த மரம் காற்றில் சாயும், சாய்ந்தால் சுவர் மேலேயே விழும்.

ஒரே ஒரு பாறை கடப்பாரைக்கு அசையவில்லை. வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஆப்பு இறக்கி, ஒரு சுற்று மெதுவாக, இன்னொரு சுற்று மெதுவாக அடித்தோம். கண்ணாடி மாட்டிக்கொண்டுதான். அடி விழ விழ ஓசை ஏறியது, பிறகு சட்டென்று மாறியது, மயிரிழையாய் ஒரு வெடிப்பு ஓடியது. அந்த வெடிப்பில் உளிவாயை நுழைத்துத் திறந்தது இதே கடப்பாரை.

குறைகளும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தோள் தாங்கவில்லை. வெயிலில் கிடந்தால் கையுறை இல்லாமல் தொட முடியாது. உளிவாயால் கல்லைக் குத்தியதில் மூன்றாம் நாளே வாய் மழுங்கியது. கல்லுக்குக் கூர்முனை, வேருக்கு உளிவாய் என்று பிரித்துக்கொண்ட பிறகு சாணை பிடிக்கும் வேலை குறைந்தது. கல்லெடுத்த குழிகளை மூட இது உதவாது. அங்கே ஜல்லியை 10 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இறுக்கினோம்.

செடி நடக் குழி தோண்ட மட்டும் என்றால் இவ்வளவு கனம் வேண்டாம். சுவருக்கு வானம் தோண்டுபவர்கள் வாங்கலாம். வாங்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள், நேராக இருக்கிறதா என்று தெரியும். தராசில் வைத்தும் பாருங்கள். இதே நீளமும் தடிமனும் சொல்லி ஐந்து கிலோதான் காட்டினால், சொன்ன தடிமன் இல்லை, அல்லது உள்ளே பொள்ளல்.