இரண்டரை வருஷம், ஒரு டம்ளர் புளியங்கொட்டை: பேச்சுப் பயிற்சி என் அனுபவம்

1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். மேடைப் பேச்சுக்குப் பேர்போன ராயபுரத்தில் பிறந்து என்ன பிரயோஜனம், நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாரிமுனையில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஆபீசில் டாகுமெண்டேஷன் பார்க்கிறேன். கப்பல் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் ஒரு எழுத்து தப்பினாலும் பிடித்துவிடுவேன், ஆனால் மாசா மாசம் வாடிக்கையாளர்களுக்குக் கன்டெய்னர் நிலவரம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் காசை விட்டது ஒரு வார இறுதிப் பயிற்சி முகாமில். 6,500 ரூபாய். ஏசி ஹாலில் நாற்பது பேர் எழுந்து நின்று "என்னால் முடியும்" என்று கத்தினோம், கட்டிப்பிடித்தோம், சான்றிதழ் வாங்கினோம். இரண்டு நாளில் நான் மைக் பிடித்துப் பேசியது மொத்தமாக இரண்டு நிமிஷம். நீச்சல் கற்றுக்கொள்ளப் போனவளுக்குக் கடலைப் பற்றிப் படம் போட்டுக் காட்டிய கதை.

அப்புறம்தான் ஒரு தோஸ்த் சொல்லி டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் சேர்ந்தேன். 1924-ல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியது. அங்கே வாத்தியார் கிடையாது, உறுப்பினர்களே மாறி மாறிப் பேசி, மாறி மாறிக் குறை சொல்லிக்கொள்வார்கள். முதல் பேச்சு 4 முதல் 6 நிமிஷம், நம்மைப் பற்றியே பேச வேண்டும். நாலாவது நிமிஷத்தில் பச்சை விளக்கு, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு. எனக்குப் பச்சையே வரவில்லை, இரண்டரை நிமிஷத்தில் சரக்கு தீர்ந்துபோய் நன்றி வணக்கம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆனால் என்னை ஆட்டிவைத்தது அது இல்லை. "ஆ", "ம்" என்று இழுப்பதையும் தேவையில்லாத சொற்களையும் எண்ணுவதற்கென்றே அங்கே ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். கடைசியில் எழுந்து என் கணக்கை வாசித்தார்: "அதாவது", பதினேழு. இரண்டரை நிமிஷத்தில்!

வீட்டுக்கு வந்து ஆயாவிடம், அதான் என் பாட்டியிடம், சொல்லிச் சிரித்தேன். ஆயா நாற்பது வருஷம் காசிமேட்டில் மீன் எடுத்து விற்றவள். அடுத்த நாள் சாயந்திரம் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். நான் பேச வேண்டும், ஒவ்வொரு "அதாவது"க்கும் டம்ளரில் ஒரு கொட்டை. டங் டங் என்று விழ விழ, அடுத்த "அதாவது" தொண்டைக்கு வருவதற்கு முன்னாலேயே அந்தச் சத்தம் என் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் எரிச்சலாகி, "நிறுத்தினா யோசிக்கிறது எப்படி ஆயா?" என்றேன். "ஏலத்துல வெலைய சொல்லிட்டு வாய மூடிக்கணும்டி. அதுக்கு மேல பேசுனவதான் கொறச்சிக் குடுப்பா" என்றாள். 6,500 ரூபாய் கொடுத்த இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. இப்போது முக்கியமான எண்ணைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் மூன்று எண்ணுகிறேன். முதல் தடவை அந்த மூன்று, மூணு வருஷம் மாதிரி இருந்தது.

நேரில் பேசுவதற்கு இன்னொரு விஷயம். பவர்பாயிண்டில் ஸ்லைடு ஓடும்போது B எழுத்தைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி தட்டினால் திரும்ப வரும். எல்லோரும் சுவரைப் பார்க்காமல் நம்மைப் பார்ப்பார்கள். சின்ன சமாச்சாரம், ஆனால் ஆபீசில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆன்லைன் வேறு உலகம். அதில் முதல் கூட்டத்திலேயே நாலு நிமிஷம் மியூட்டில் பேசிய மகராசி நான். லேப்டாப்பை அரிசி டின் மேல் ஏற்றி கேமரா கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி வைத்த பிறகுதான், எல்லோரையும் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போன்ற என் முகம் மாறியது. பேசும்போது திரையில் இருக்கும் முகங்களைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்கு நாம் குனிந்திருப்பது போலத் தெரியும், அதனால் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன், அதுதான் என் சபை. ஜூமில் நம் முகம் நமக்குத் தெரியாமல் மறைக்க வழி உண்டு, மறைத்துவிடுங்கள். நான் பாதி நேரம் என் முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புளூடூத்தை விட ஒயர் இயர்போன் மேல், புளூடூத்தில் மைக்கும் சேர்ந்து ஓடும்போது பல செட்களில் குரல் தரம் இறங்கிவிடும். தெருமுனையில் திரும்பும் டிரெய்லர் ஹாரனுக்கு மட்டும் மருந்து இல்லை. ஜன்னலை மூடி போர்வை தொங்கவிட்டுப் பார்த்துவிட்டேன். இப்போதெல்லாம் ஹாரன் அடித்தால் நிறுத்தி, "துறைமுகம் வேலை செய்கிறது, உங்கள் சரக்கு நகர்கிறது" என்கிறேன். சிங்கப்பூர் வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மலிவானது போன் ரெக்கார்டர். ஒவ்வொரு பேச்சையும் பதிவு செய்து மறுநாள் தண்டையார்பேட்டை ஸ்டேஷன் வரை நடந்துகொண்டே கேட்பேன். முதல் மாதம் என் குரலைக் கேட்கவே கூச்சமாக இருந்தது, என் பேச்சில் ராயபுரம் அப்படியே ஒட்டியிருந்தது. அதை மறைக்க "ஆகவே, எனவே" என்று டிவி செய்தி மாதிரி பேசிப் பார்த்தேன், கிளப்பில் மதிப்பீடு செய்தவர், யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போல இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

குறைகளும் உண்டு. நான் போகும் கிளப்பில் கைதட்டல் ரொம்பத் தாராளம், சொதப்பினாலும் தட்டுவார்கள். சனிக்கிழமை சாயந்திரம் பூராவும் போய்விடும். கேள்வி நேரத்தில் இன்னும் தடுமாறுகிறேன், தயாரிக்காமல் ஒன்றிரண்டு நிமிஷம் பேச வைக்கும் டேபிள் டாபிக்ஸ் அதற்குத்தான், ஆனால் அங்கே யாரும் டெமரேஜ், அதாவது கன்டெய்னரைத் தாமதமாக எடுத்தால் விழும் கட்டணம், யார் கட்டுவது என்று கேட்டு மடக்குவதில்லையே.

போன வாரம் ஆறு நிமிஷம் பேசினேன், டம்ளரில் இரண்டு கொட்டைதான். ஆனால் ஆயா இப்போது "ஆக்சுவலி"க்கும் தனியாக ஒரு டம்ளர் வைத்திருக்கிறாள். அக்டோபரில் சந்தா புதுப்பிக்க வேண்டும், கட்டத்தான் போகிறேன்.