கம்பியா, சிமெண்டா, சுண்ணாம்பா: பழைய சுவருக்கு எது?

2021 நவம்பர் 29 விடியற்காலையில் வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் நிலம் அதிர்ந்தது. குடியாத்தத்தில் தாத்தா கட்டிய எங்கள் மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்குப் (மர உத்திரங்கள்மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய கூரை) பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. தெருச் சுவரும் குறுக்குச் சுவரும் சேரும் மூலையில் மட்டும் ஒரு விரிசல். உத்திரத்துக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு நுழையும். கீழே வரவர மயிரிழை.

“ஒன்றரை அடி சுவர், யானை முட்டினாலும் அசையாது” என்றார் பெரியப்பா. கோட்டை மதிலை உதாரணம் காட்டினார். அதன்மேல் ஆள் நடக்கலாம், அந்தக் கணக்கே வேறு. 1993-ல் மகாராஷ்டிராவின் கில்லாரியில் நிலநடுக்கத்தில் சரிந்தவையும் தடித்த கல் சுவர்கள்தான். தடிமன் கூடினால் எடை கூடும், எடைக்கு ஏற்ப அதிர்வின் அடியும் கூடும். சுவரின் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கற்கள் அங்கே இல்லாததால் சுவர் நடுவில் பிளந்து விழுந்தது.

ஓர் அட்டையை நிமிர்த்தி நீளவாக்கில் தள்ளிப் பாருங்கள், தாங்கும். முகத்தில் ஊதினால் சாயும். சுவரும் அப்படித்தான். எங்கள் மூலை விரிசல் சொன்னது, தெருச் சுவர் வெளியே சாயப் பார்க்கிறது என்று.

முதலில் வந்த இன்ஜினியர் கம்பி வலை அடித்து சிமெண்ட் பூசச் சொன்னார். ஜன்னல்களுக்கு நடுவே குறுக்கும் மறுக்குமாக வெடித்த சுவருக்கு அது நல்ல வைத்தியம். ஆனால் இரண்டு பக்கமும் வலை வேண்டும், சுவரைத் துளைத்து அவற்றை இணைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் மேலோடு. அதோடு, சுண்ணாம்புச் சுவரின் ஈரத்தை சிமெண்ட் வெளியே விடாது. உப்பு பூத்துப் பூச்சு உதிரும். பிறகு அதைப் பிரித்தெடுக்கப் போனால் செங்கல்லும் கூடவே வரும்.

சுண்ணாம்புக் கரைசலைத் துளை வழியே செலுத்துவது அடுத்த யோசனை. உள்ளே பொள்ளலான கல் சுவருக்கு இதுதான் சரி, அழுத்தம் அதிகமானால் மட்டும் முகம் உப்பிவிடும். எங்கள் கொத்தனார் சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பார்த்தார். எல்லா இடத்திலும் ‘டங்’ என்ற சத்தம்தான். பொள்ளலே இல்லாதபோது எதை நிரப்புவது?

கூரையைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட் போடும் யோசனையும் வந்தது. கூடவே கூடாது. 1997-ல் இத்தாலியின் உம்ப்ரியாவில் வந்த நிலநடுக்கத்தில், பழைய கல் சுவர்மேல் கான்கிரீட் கூரை ஏற்றிய வீடுகள் பல மோசமாக அடிபட்டன.

கடைசியில் கம்பிதான். கூரை மட்டத்துக்குக் கீழே, குறுக்குச் சுவரை ஒட்டி இரண்டு பக்கமும் தெருச் சுவரிலிருந்து பின்சுவர் வரை இரும்புக் கம்பி; இரு முனையிலும் அகலத் தகடு, நட்டு. இழுவையைச் செங்கல் தாங்காது, கம்பி தாங்கும். தகடு சின்னதாக இருந்தால் சுவரைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். நட்டைக் கம்பி விறைப்பாகும் வரை முறுக்கினால் போதும். வேண்டாமென்றால் நாளைக்கே கழற்றலாம். மூலையை அப்புறம் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தோம்.

தெருவில் நின்று தகடுகளை அண்ணாந்து பார்த்த பெரியப்பா, “வீட்டுக்குக் கடுக்கன் போட்டாச்சா?” என்றார்.