வைஃபை அடையாளம் இருக்கிறது, புத்தகம் வரவில்லை

அமேசான் 2018-இல் வெளியிட்ட கிண்டில் பேப்பர்வைட் என்ற மின்நூல் படிக்கும் கருவியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 6 அங்குலத் திரை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள், தண்ணீர் பட்டாலும் தாங்கும் உடல், மைக்ரோ யு.எஸ்.பி. துளை. படிக்கும் அனுபவத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எழுத்தின் அளவு, திரை வெளிச்சம், கண் எரிச்சல் என்று அந்தப் பக்கம் நான் போகப்போவதில்லை. வாங்கும்போது யாரும் கேட்காத, வாங்கிய பிறகு எல்லோரும் கேட்கும் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். இது எப்படி இணையத்தோடு சேர்கிறது, எப்போது முரண்டு பிடிக்கிறது, அப்போது எங்கே கை வைக்க வேண்டும்?

ஒரு நாவல் பெரும்பாலும் சில எம்.பி.க்குள் அடங்கிவிடும். ஆகவே வேகம் இங்கே ஒரு பொருட்டே அல்ல. தொடர்பு கிடைத்தால் போதும், காப்பி ஆறுவதற்குள் புத்தகம் இறங்கிவிடும். ஆனால் அந்தத் தொடர்பு இல்லாமல் தீராது. 2016 டிசம்பரில் தமிழ் நூல்கள், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாள நூல்களோடு சேர்ந்து அமேசானின் கிண்டில் இணையக் கடைக்கு வந்தன. அந்நாளில் வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு அந்த வசதி நிறுத்தப்பட்டது. நம்மிடம் உள்ள சொந்தக் கோப்புகளை இன்றும் கேபிளில் ஏற்றலாம். கடையில் வாங்கியது வர வேண்டுமானால் வைஃபைதான் வழி.

"வைஃபை வேலை செய்யவில்லை" என்ற ஒற்றைப் புகாருக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. பட்டியலில் நம் வீட்டு வைஃபையின் பெயரே தெரியாதது ஒன்று. பெயர் தெரிந்தும், தொட்டால் சேர மறுப்பது இன்னொன்று. சேர்ந்துவிட்டது, மேலே அடையாளமும் நிற்கிறது, ஆனாலும் கடை திறக்கவில்லை என்பது மூன்றாவது. இவற்றில் நம்முடையது எது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைப் பார்க்காமல், எடுத்த எடுப்பிலேயே ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லும், அதாவது கருவியைப் புதிதாக வந்த நிலைக்கே திருப்பச் சொல்லும் அறிவுரைதான் எங்கு கேட்டாலும் கிடைக்கிறது. அப்படிச் செய்தால் இறக்கி வைத்த புத்தகங்கள் அத்தனையும் அழிந்துவிடும். அவற்றைத் திரும்பப் பெற எது வேண்டும்? சேர மறுக்கும் அதே வைஃபை.

எங்கள் வீட்டில் முதல் வகைக் கோளாறு வந்தது, இணைய நிறுவனத்தின் ஆள் புது ரவுட்டர் மாட்டிவிட்டுப் போன அன்றைக்கு. செல்பேசிகள் சேர்ந்தன, தொலைக்காட்சி சேர்ந்தது, மடிக்கணினி பழையதைவிட வேகமாக ஓடியது. கிண்டிலில் மட்டும் பெயர் இல்லை. அமைப்புகளில் வைஃபை பட்டியலைத் திறந்தால் திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது. கீழ்வீட்டுப் பெயர், எதிர் வீட்டுப் பெயர், யாரோ ஒருவரின் பிரிண்டர் எல்லாம் வரிசையாக வந்தன. அடுத்த அறையில் இருக்கும் எங்கள் ரவுட்டர் மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிகின்றன என்றால் கருவியின் ரேடியோ நன்றாக இருக்கிறது என்று பொருள். அந்த ஒரு தடயமே போதும், கருவியைக் கீழே வைத்துவிட்டு ரவுட்டர் பக்கம் போகலாம்.

இந்தத் தலைமுறைப் பேப்பர்வைட்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும், 802.11 பி, ஜி, என் என்ற மூன்று வைஃபை தரங்களோடு அதன் அறிவு நின்றுவிடுகிறது. இன்றைய ரவுட்டர்கள் 2.4, 5 ஆகிய இரண்டு அலைவரிசைகளிலும் ஒலிபரப்புகின்றன. எங்களுக்கு மாட்டியவர் வேகச் சோதனையில் எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று 2.4-ஐ அணைத்துவிட்டிருந்தார். தொலைபேசியில் கேட்டபோது, "அது எதற்கு சார், மெதுவாகத்தானே இருக்கும்?" என்றார். மெதுவானதுதான், ஆனால் சுவர்களைத் தாண்டிப் போவதில் 5-ஐவிட அதுவே மேல். பல மின்நூல் கருவிகள், ஸ்மார்ட் பல்புகள், கண்காணிப்புக் கேமராக்கள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. கேட்டுக்கொண்ட பின் தொலைவிலிருந்தே அதைத் திறந்துவிட்டார்.

2.4 திறந்திருந்தும் பெயர் தெரியாத ஒரு நிலை உண்டு. அந்த அலைவரிசைக்குள் சேனல்கள் என்ற எண்ணிட்ட பிரிவுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1 முதல் 11 வரை, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 13 வரை. ரவுட்டரை "ஆட்டோ"வில் விட்டால், நெரிசல் குறைவு என்று அது 12-க்கோ 13-க்கோ தாவக்கூடும். அந்த இரண்டையும் ஏறெடுத்தும் பார்க்காத கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. நேற்று வரை வந்தது, இன்று காலையிலிருந்து வரவில்லை, யாரும் எதையும் தொடவில்லை என்ற மர்மத்துக்கு இது ஒரு நல்ல விடை. சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக நிறுத்திவைத்து, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் போதும். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அந்த மூன்றும்தான் என்பதால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதனால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது.

செல்பேசி ஹாட்ஸ்பாட்டிலும் இதே கதைதான். ஐஃபோன் 12-உம் அதற்குப் பிறகு வந்தவையும் ஹாட்ஸ்பாட்டை 5-இல்தான் தொடங்குகின்றன. ஹாட்ஸ்பாட் அமைப்புப் பக்கத்தில் உள்ள "மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" பொத்தானை இயக்கினால் 2.4-க்கு இறங்கி வரும். கிண்டில் சேரும்வரை அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருப்பது நல்லது. ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் அலைவரிசை என்று தனியாகவே ஒரு தேர்வு இருக்கும். ரயிலில் போகும்போது எனக்கு ஹாட்ஸ்பாட்தான் கைகொடுக்கிறது. நிலையங்களின் பொது வைஃபையில் இதைச் சேர்க்க முயல்வது வீண் வேலை என்பது என் அபிப்பிராயம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது வகையில், சேர மறுக்கும்போது எல்லோரும் கடவுச்சொல்லைத்தான் சந்தேகிப்பார்கள். சந்தேகம் நியாயமானதே. கிண்டிலின் இ-இங்க் (மின்மை) திரையில் விசை ஒன்றைத் தொட்டால் எழுத்து அரை மூச்சு தாமதமாக வருகிறது. அதற்குள் கை அடுத்த விசைக்குப் போய்விடுகிறது. பெரிய எழுத்து, குறியீடு, எண் என்று பக்கம் மாறி மாறித் தட்ட வேண்டிய கடவுச்சொல்லாக இருந்தால் பொறுமை சோதிக்கப்படும். கடவுச்சொல்லை மறைக்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே அடிப்பது மேல். வீட்டில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், சேமித்து வைத்த பழைய இணைப்பை "மறந்துவிடு" என்று நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர வேண்டும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுத்தால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய முறை 2018-இல் அறிமுகமானது. அதே ஆண்டு வந்த இந்தக் கருவிக்கு டபிள்யூ.பி.ஏ.2 வரைதான் தெரியும். ரவுட்டரில் "3 மட்டும்" என்று இருந்தால் சரியான கடவுச்சொல்லும் செல்லாது. "2-உம் 3-உம்" என்ற கலப்பு முறையில் பெரும்பாலும் சேர்ந்துவிடும். அதிலும் தகராறு செய்தால் 2-க்கு வந்துவிடலாம்.

அடுத்து, இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரவுட்டர்கள். 2.4-இல் வந்து கேட்கும் கருவிக்குச் சில ரவுட்டர்கள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இழுத்தடிக்கும். போய் 5-இல் கேள் என்று தள்ளிவிடும் ஏற்பாடு அது. 5 என்று ஒன்று இருப்பதே தெரியாத கருவி என்ன செய்யும்? சில நேரம் சேரும், சில நேரம் சேராது. இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் மனிதரை அதிகம் அலைக்கழிப்பது.

இதற்கு நான் கண்ட தீர்வுகளிலேயே உருப்படியானது கெஸ்ட் நெட்வொர்க், அதாவது விருந்தினருக்கென்று அதே ரவுட்டரில் தனிப் பெயரில் திறக்கும் வைஃபை. வீட்டின் முதன்மைப் பெயரையோ கடவுச்சொல்லையோ தொட வேண்டாம்; தொட்டால் தொலைக்காட்சி முதல் அத்தைக்கு வாங்கிக் கொடுத்த டேப்லட் வரை எல்லாவற்றிலும் திரும்ப அடித்துக்கொடுக்க வேண்டியிருக்கும். ரவுட்டரில் உள்ள கெஸ்ட் வசதியைத் திறந்து, 2.4 மட்டும், டபிள்யூ.பி.ஏ.2 மட்டும், கிண்டில் விசைப்பலகையில் எளிதாக அடிக்கத் தக்க, ஆனால் நீளமான, சின்ன எழுத்துகளால் ஆன கடவுச்சொல் என்று அமைத்துவிட்டால், மேலே சொன்ன சேர மறுக்கும் தொல்லைகள் ஒரே வீச்சில் தீர்கின்றன. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. சாதனம் சாதனத்தோடு பேச முடியாதபடி கெஸ்ட் நெட்வொர்க் தடுக்கும் என்பார்கள். கிண்டிலுக்கு வீட்டில் யாரோடும் பேச்சில்லை, அதனால் நஷ்டமில்லை.

மூன்றாவது வகைதான் சுவாரசியமானது. அடையாளம் முழுதாக நிற்கும், ஆனால் எதுவும் வராது. என் தங்கையின் கருவி இப்படி நின்றது. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து, சார்ஜ் முழுக்க வற்றிப்போனதை எடுத்து உயிர்ப்பித்தாள். வைஃபை உடனே சேர்ந்தது. கடை திறக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டாள், கருவியை அணைத்துப் போட்டாள், எதற்கும் மசியவில்லை. "அண்ணா, இது போய்விட்டது, புதிதாக ஒன்று பார்" என்று கொண்டுவந்து கொடுத்தாள். திரையின் மேல்மூலையில் காட்டிய நேரத்தைப் பார்த்தேன். மாலை வேளையில் அது அதிகாலை என்று காட்டிக்கொண்டிருந்தது.

கடிகாரம் தவறினால் இணையம் ஏன் போக வேண்டும்? கருவி கடையோடு பேசுவதற்கு முன், எதிர்ப்பக்கம் இருப்பது உண்மையான கடைதானா என்று ஒரு டிஜிட்டல் சான்றிதழைப் பார்க்கிறது. அந்தச் சான்றிதழில், இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். சார்ஜ் முற்றிலும் தீர்ந்த கருவி தேதியை மறந்து பல ஆண்டுகள் பின்னால் போய்விட்டால், சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று அதற்குத் தோன்றும். தேதி வராத காசோலையை வங்கி திருப்பி அனுப்புவதுபோல அதுவும் மறுத்துவிடும், காரணம் சொல்லாமல். அமைப்புகளில் சாதன நேரம் என்ற இடத்தில் சரியான நேரத்தை வைத்து, மின்சாரப் பொத்தானை 40 வினாடிகள் அழுத்திப் பிடித்து மறுதொடக்கம் செய்தேன். கடை திறந்தது. அவளுக்குப் புதிது வாங்கும் செலவு மிச்சம்.

சான்றிதழ்ச் சிக்கலுக்கு மறுபக்கமும் உண்டு. கடிகாரம் சரியாகவே இருந்தும், எந்தச் சான்றிதழ்களை நம்பலாம் என்று கருவிக்குள் உள்ள பட்டியல் பழசாகிப் போவது. 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பல கருவிகள் உலகெங்கும் இணையதளங்களைத் திறக்க முடியாமல் தடுமாறின. நீண்ட நாள் தூங்கிய கருவியில் கடிகாரத்தைத் திருத்தியும் பயனில்லை என்றால், புதுப்பிப்புக் கோப்பைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றுவதே வழி. கேபிள் என்றதும் ஒன்று: சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவு கடத்தாத மலிவான கேபிள்கள் வீட்டில் நிறையக் கிடக்கும். கணினி கருவியைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் எண்ணான ஐ.பி. முகவரி கிடைக்காததும் இந்த வகையில்தான் சேரும். 169.254 என்று தொடங்கும் முகவரி ஒரு கருவியில் தெரிந்தால், ரவுட்டர் எதுவும் கொடுக்காததால் அது தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கூட்டமான விடுதிகளில் கொடுப்பதற்கு முகவரியே மிச்சமில்லாமல் போவதுண்டு. நிலையான முகவரியை நாமே கையால் போடச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருகிறார்கள். கிண்டிலில் அதற்கு இடமும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போட்ட முகவரி வெளியூரில் குழப்பும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பொது வைஃபைக்கு வருவோம். சேர்ந்தவுடன் ஒரு பக்கம் திறக்கும், செல்பேசி எண் கேட்கும், ஓ.டி.பி. வரும், அதை அடிக்க வேண்டும். கிண்டிலின் உள்ளே இருக்கும் உலாவி இந்த வேலைக்குப் பிறந்ததல்ல. பல நேரம் பக்கமே திறக்காது. எச்.டி.டி.பி. என்று, கடைசி "எஸ்" இல்லாமல் தொடங்கும் ஏதாவது ஒரு முகவரியை அடித்தால், அதைப் பிடித்துத் திருப்பி உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகும் எண்ணைத் தட்டி, திரை புரண்டு, ஓ.டி.பி. காலாவதியாகி, மறுபடியும் தட்டி... ரயில் வந்துவிடும். செல்பேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால் ஒரு நிமிட வேலை.

சேர்ந்து, இறக்கி முடித்ததும் ஏரோபிளேன் மோடைப் போட்டுவிடுகிறேன். சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. ஆனால் செல்பேசியில் பாதி படித்ததை இங்கே தொடர நினைப்பவர்களுக்கு அது சரிப்படாது. பக்க எண் ஒத்துப்போக இணைப்பு வேண்டும்.

2021-இல் வந்த அடுத்த தலைமுறைப் பேப்பர்வைட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸும் தெரியும், டபிள்யூ.பி.ஏ.3-உம் தெரியும். திரை பெரிது, டைப் சி துளை என்ற காரணங்களுக்காக மாறுகிறவர்கள் மாறலாம். வைஃபை தொல்லைக்காக மட்டும் மாற வேண்டியதில்லை. ரவுட்டரில் கெஸ்ட் வசதி இல்லையென்றால், மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டரை எடுத்து, ஐ.பி. முகவரி கொடுக்கும் வசதியான அதன் டி.எச்.சி.பி.யை அணைத்து, புது ரவுட்டரின் முகவரியோடு மோதாத ஒரு முகவரியை அதற்குக் கொடுத்து, இரண்டின் லேன் துளைகளையும் ஒரு கேபிளால் இணைத்துவிடுங்கள். கிண்டிலுக்கு அது தாராளம்.