பல் முரசை (ஈறை) அளக்காமல் பல்லுக்குக் கம்பி போடாத வவுனியா கிளினிக்

எனக்கு 43 வயது. இரண்டு வருடத்துக்குள் முன்பல் இரண்டும் விலகி, மேலுதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டன. முதலில் போன இடத்தில் முரசைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, "அடுத்த கிழமையே கம்பி போடலாம்" என்று முற்பணம் கேட்டார்கள். எனக்குப் பல் தீட்டும்போது இரத்தம் வரும், அதை யாரும் கேட்கவேயில்லை.

அப்புறம் மாங்குளத்தில் பஸ் ஏறி வவுனியாவில் இந்தத் தனியார் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி முரசுக்கும் பல்லுக்கும் இடையில் உள்ள பிளவின் ஆழத்தை அளந்தார். 3 மில்லிமீட்டர் வரை பரவாயில்லையாம், எனக்கு முன்பற்களில் 6. எக்ஸ்றேயில் தாடை எலும்பு கரைந்து இறங்கியிருந்ததைக் காட்டி, பல் விலகினதே இதனால்தான் என்றார். "இரத்தம் வாறது நிக்காமல் கம்பி போட மாட்டன் அக்கா."

ஏன் என்று கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். கம்பி இழுக்கும்போது பல் போகிற பக்கத்து எலும்பு கரையும், விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளரும், எல்லோருக்கும் பல் நகர்வது இப்படித்தான். முரசில் அழற்சி இருக்கும்போது இழுத்தால் கரைவது மிஞ்சிப்போய்ப் பல்லே ஆடத் தொடங்கிவிடும். அழற்சி அடங்கிவிட்டால் எலும்பு குறைந்த பல்லைக்கூட மெல்ல மெல்ல இழுத்து நகர்த்தலாம். ஆனால் கரைந்துபோன எலும்பைக் கம்பி திருப்பித் தராது என்பதையும் மறைக்காமல் சொன்னார், அதனால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

விறைப்பூசி போட்டு நான்கு தடவையாக வேர் வரை சுத்தம் செய்தார்கள். சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தமும் பார்த்தார்கள். வெற்றிலையை விட்டேன், பல்லிடுக்குக்கான சின்னப் பிரஷ்ஷை இரவில் தவறாமல் பாவித்தேன். ஐந்து மாதம் கழித்து அளந்தபோது 6 இருந்த இடமெல்லாம் 4, 3 என்று இறங்கியிருந்தது, இரத்தமும் இல்லை. அதற்குப் பிறகுதான் கம்பி.

குறையும் உண்டு. கம்பி போடும் விசேட டொக்டர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவார், அன்றைக்கு நம்பர் எடுத்து இரண்டு மூன்று மணித்தியாலம் இருக்க வேண்டும், தூரத்திலிருந்து வருபவர்களுக்குக் கடைசி பஸ் பயம். மொத்தச் செலவையும் முதலிலேயே எழுதித் தந்திருக்கலாம்.

இப்போது இடைவெளி பாதி மூடிவிட்டது. கம்பியைக் கழற்றின பிறகு பல் திரும்ப விலகாமல் உட்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டிவிடுவார்கள், அது நிரந்தரமாக இருக்க வேண்டுமாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முரசுச் சுத்தமும் தொடரும். அடுத்த தவணைக்கு அம்மாவையும் கூட்டிப்போகிறேன், அவருக்கும் கீழ்ப்பல் ஆடத் தொடங்கியிருக்கிறது.