தசை அழற்சியில் நுரையீரல்: ஜோ-1-ஆ, எம்டிஏ5-ஆ?

தோலையும் தசையையும் தாக்கும் டெர்மடோமையோசைட்டிஸ் போன்ற தசை அழற்சி நோய்களில் நுரையீரலும் மாட்டிக்கொள்வது உண்டு. ரத்தத்தில் இருப்பது எந்த எதிர்ப்பொருள் (உடலையே குறிவைக்கும் புரதம்), ஜோ-1-க்கு எதிரானதா, எம்டிஏ5-க்கு எதிரானதா என்பதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும்.

ஜோ-1 என்றால் பெரும்பாலும் மெல்லத்தான் வரும். வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சிரைப்பு, மூட்டு வலி. விரல் ஓரங்கள் மெக்கானிக் கைபோலத் தடித்து வெடித்திருக்கும். ஸ்டீராய்டுக்குப் பலரும் கட்டுப்படுவார்கள். ஆனால் அளவைக் குறைத்ததும் நோய் மறுபடி தலைகாட்டலாம். அதனால் மைக்கோஃபீனோலேட் போன்ற, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் சேரும்.

எம்டிஏ5 முரட்டு ரகம். தசை பலவீனமே இல்லாமல், சிகே (தசைச் சேதத்தைக் காட்டும் ரத்த நொதி) அளவும் சரியாக இருக்கலாம், ஏமாற்றுவது இங்கேதான். உள்ளங்கையில் வலிக்கும் புடைப்பு, விரல் மூட்டின்மேல் ஆறாத புண் தெரிந்தால் உஷாராக வேண்டும். சில வாரங்களிலேயே ஆக்சிஜன் தேவைப்படும் நிலை வரலாம். ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம், அழற்சியில் கூடும்) ஏறிக்கொண்டே போவது நல்ல சகுனமல்ல. அரிதாக, நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சின் நடுவே தேங்கும்: திடீர் நெஞ்சுவலி, குரல் மாற்றம், கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறப்பு. சிடி ஸ்கேனில் தெளிவாகத் தெரியும்.

எம்டிஏ5-இல் பொறுத்துப் பார்க்க நேரமில்லை. ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ், சைக்ளோபாஸ்பமைடு என எதிர்ப்பு சக்தியை அடக்கும் மூன்றையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுக்கும் முறை ஜப்பானில் வலுப்பெற்றது. தொற்று அபாயம் கூடும்தான். ஆனாலும் வேகமாக மோசமாகும் நோயாளிக்கு அதுவே சரி என்பது என் எண்ணம்.

அப்புறம், இவ்வகை நோய்களுக்கு வழக்கமாக முதலில் பார்க்கும் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனை இரண்டிலுமே நெகட்டிவாக வரலாம். சந்தேகம் இருந்தால் மையோசைட்டிஸ் பேனல் (தசை அழற்சி எதிர்ப்பொருள்களைத் தேடும் பரிசோதனைத் தொகுப்பு) கேளுங்கள்.